ஸ்கொட்லாந்து மாளிகைகளில் துணைக் கட்டடங்கள் எங்கே நிற்க வேண்டும்?

வாவிக்கரை (கல்லடி):
மட்டக்களப்பில் படவரைஞர் பயிற்சி பெற்று வருகிறேன். இறுதி ஒப்படைக்காக ஸ்கொட்லாந்து நாட்டுப்புற மாளிகையொன்றையும் அதன் துணைக் கட்டடங்களையும் மாதிரியுருவாகச் செய்ய எண்ணியுள்ளேன். ட்ரக்குவெயர் மாளிகையின் படங்களில், முன்முற்றத்தின் இருபுறமும் தாழ்வான பணிக்கட்டடங்கள் வீட்டோடு ஒட்டி நிற்கின்றன. கலேன் கோட்டையிலோ பண்ணைக் கட்டடங்கள் விலகி, தமக்கென ஒரு முற்றத்துடன் இருக்கின்றன. இவ்வேறுபாடு காலத்தால் வந்ததா, செல்வத்தால் வந்ததா? மேலும், பல மாளிகைகளின் நிலத்தில் யன்னலற்ற சிறு கற்கட்டடம் ஒன்று, கூரை ஒரே பக்கமாகச் சரிந்தபடி காணப்படுகிறது. அது எதற்கானது?

சாய்வுக்கூரை (கல்முனை):
தம்பி, இரண்டும் காரணந்தான். ஆனால் காலத்தையே முதலில் பாருங்கள். ட்ரக்குவெயர் ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று. ஒரு கோபுர வீடு தலைமுறை தலைமுறையாக நீண்டும் உயர்ந்தும் இன்றைய உருவத்தை அடைந்தது. முற்றத்தை இருபுறமும் அணைக்கும் சிறகுகள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டியே சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் வழிபாட்டுச் சிற்றாலயமும், அதற்குக் கீழே பியர் காய்ச்சும் அறையும் உள்ளன. நெடுங்காலம் சும்மா கிடந்த அந்த அறை 1965இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. நம் பக்கத்துப் போடியார் வளவில் வீடும் நெற்பட்டறையும் ஒரே வேலிக்குள் இருந்ததுபோல, அங்கும் வாழ்வும் உழைப்பும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்டன.

கலேன் வேறு கதை. பத்தாம் கசிலிஸ் பிரபுவுக்காக ரொபேட் அடம் 1777 முதல் 1792 வரை அங்கே வேலை செய்தார். கடலைப் பார்த்த மலைவிளிம்பில் வட்டக் கோபுரமும், உள்ளே நீள்வட்டப் படிக்கட்டும் அமைத்த அதே கைதான் பண்ணையையும் வரைந்தது. சாணமும் சத்தமும் வரவேற்பறைக்கு எட்டாதபடி பண்ணை தள்ளி வைக்கப்பட்டது. ஆயினும் பண்ணை நிலத்தை மேம்படுத்துவது பிரபுக்களின் பெருமையாக இருந்த காலமாகையால், விருந்தினரை அழைத்துச் சென்று காட்டத்தக்க அழகோடு, நான்கு கட்டடத் தொகுதிகள் ஒரு முற்றத்தைச் சூழ, வளைவு வாயில்களுடன் அது எழுந்தது. எனவே "மறைத்தார்கள்" என்று உங்கள் குறிப்பில் எழுதிவிட வேண்டாம்.

தென்னஞ்சோலை (அக்கரைப்பற்று):
யன்னலற்ற கட்டடம் புறாக்கூடு. உட்சுவர் முழுவதும் கல்லாலான மாடங்கள் அடுக்கடுக்காக இருக்கும்; ஃபினேவன் என்னும் இடத்திலுள்ளதில் அவை 2,000க்கும் மேற்பட்டவை. பறக்கத் தொடங்காத இளங்குஞ்சுகள் சமையலறைக்கும், எச்சம் எருவாக வயலுக்கும் போயின. கூரை தெற்கு நோக்கிச் சரிவது வெயிலுக்காக; உயர்ந்த பின்சுவர் வடகாற்றைத் தடுக்கும். வாடையையும் கச்சானையும் எண்ணி வீடு கட்டும் நமக்கு, சூரியனைத் தேடிக் கூரை சரிப்பது விந்தையாகவே தோன்றும். வெளிச்சுவரைச் சுற்றி ஓடும் கல் விளிம்பு அழகுக்காக மட்டும் வைத்ததன்று, எலி ஏறாமல் தடுப்பதும் அதுதான். அதை உங்கள் மாதிரியுருவில் தவற விடாதீர்கள்.

இந்தப் புறாக்கள் மேய்ந்தது குடியானவர்களின் தானியத்தை. 1617இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், 2 மைல் தூரத்துக்குள் குறிப்பிட்ட அளவு தானிய வருமானம் தரும் நிலம் உடையவனே புறாக்கூடு கட்டலாம் என்று வரையறுத்தது. அழகான அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அயலவன் வயலின் கதிர்தான்.

மதில் சூழ்ந்த தோட்டத்தையும் சேர்க்க இடமிருந்தால் டன்மோரைப் பாருங்கள். அங்கே தோட்டத்தில் நிற்கும், 1761ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கட்டடத்தின் உச்சியில் கல்லால் செதுக்கிய பெரிய அன்னாசி நிற்கிறது. தோட்டச் சுவரின் உள்ளே உலைச்சூடு ஓடும் இடைவெளி விட்டு, அதை ஒட்டிய கண்ணாடி வீடுகளில் பயிர் வளர்த்தார்கள். நம் சந்தையில் குவிந்து கிடக்கும் பழத்துக்கு அங்கே அத்தனை பாடு!

வாவிக்கரை (கல்லடி):
மிக்க நன்றி. ட்ரக்குவெயரையே செய்கிறேன். சுவரை வெறுங்கல்லாகக் காட்டலாமா?

காரைக்கை (களுவாஞ்சிகுடி):
கூடாது. அங்கே ஒழுங்கற்ற கல்லால் எழுப்பிய சுவர்மீது, சுண்ணாம்பும் பருமணலும் சிறு கற்களும் கலந்த காரையை அகப்பையால் எறிந்து பூசுவார்கள். மழை அதன் சொரசொரப்பான முகத்தில் பட்டு வடிந்து, உள்ளே போன ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். மூலைக் கற்களும் யன்னல் விளிம்புகளும் மட்டுமே பெரும்பாலும் வெளியே தெரியும். பின்னாளில் பல இடங்களில் சீமெந்து பூசியதால் ஈரம் உள்ளேயே அடைபட்டது. இளஞ்சிவப்புக் கோபுர வீடாகிய கிரேகீவரில் அந்தப் பூச்சை அகற்றி மறுபடி சுண்ணாம்புக் காரை பூச நேர்ந்தது. உப்புக் காற்று வீசும் எங்கள் கரையோரத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கும் அதே சீமெந்தை அப்பி, பெயர்ந்து விழுந்த பின்னர் மறுபடியும் அப்புகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மாதிரியுருவுக்கு அட்டைமீது பசை தடவி, சலித்த மணலைத் தூவி, வெள்ளைக்குச் சற்றுக் காவி கலந்து இருமுறை பூசுங்கள். மணல் நுண்மையாக இருக்கட்டும்; கடற்கரை மணலை அப்படியே இட்டால் அளவுத்திட்டத்தில் அது பாறையாகத் தெரியும்.