அக்கா பையனுக்கு புரோட்டான் சொல்றாங்க, வழக்கமான லினாக் மெஷின் கரண்ட் போதாதா?

பெரம்பூர்_செந்தில்:
அக்கா பையனுக்கு 8 வயசு. சிறுமூளையில மெடுல்லோபிளாஸ்டோமாங்கற புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இனி தலை, முதுகுத்தண்டு முழுக்க கரண்ட் வைக்கணுமாம். முடிஞ்சா தரமணி அப்போலோவுல புரோட்டான் வைங்கன்னு டாக்டர் சொல்றார். செலவை நினைச்சா மலைப்பா இருக்கு. புரோட்டானுக்கு பவர் அதிகமா?

மெட்பிசிக்ஸ்_மீரா:
செந்தில், நான் இங்க சென்னையில மெடிக்கல் பிசிசிஸ்ட், கதிர் சிகிச்சைக்குக் கணக்குப் போடுற வேலை. லினாக்லதான் வேலை.

பவர் விஷயமே இல்ல. கட்டியை அழிக்கிறதுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. எங்க போய் நிக்குதுங்கறதுலதான் வித்தியாசம். லினாக்ல வர்றது எக்ஸ்ரே. 6 எம்வி சக்தியுள்ள கதிர் தோலுக்குக் கீழ ஒன்றரை சென்டிமீட்டர்ல உச்சத்துக்குப் போய், குறைஞ்சுக்கிட்டே அந்தப் பக்கமா வெளியேறும். முதுகுப் பக்கமிருந்து வச்சா இதயம், தைராய்டு, குடல்னு வழியில இருக்கிற எல்லாத்துலயும் கொஞ்சம் விழும். புரோட்டான்ங்கறது அணுவுக்குள்ள இருக்கிற துகள், அது வேகம் குறையக் குறையத்தான் சக்தியை இறக்கும். நிக்கப்போற இடத்துல மிச்சத்தை மொத்தமா கொட்டிட்டு அதோட முடிஞ்சிடும். இதைத்தான் பிராக் உச்சம்னு சொல்வோம். 150 எம்இவி சக்தியுள்ள புரோட்டான் தண்ணியில சுமார் 16 செ.மீ. போகும், சக்தியைக் குறைச்சா அதுக்கு முன்னாடியே நிக்கும். இதை சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம்னு அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-லயே எழுதிட்டார்.

வளர்ற பிள்ளைக்கு எலும்பு கோணலாகாம இருக்க முதுகெலும்பை முழுசா சேர்த்துத்தான் பிளான் போடுவாங்க. அதைத் தாண்டி இதயத்துக்கு ஏறக்குறைய எதுவும் போகாது. இன்னும் 60, 70 வருஷம் வாழப்போற உடம்பு இது. உங்க டாக்டர் சரியாத்தான் சொல்றார். இதையே உங்க அப்பாவோட புரோஸ்டேட்டுக்குக் கேட்டிருந்தா, நல்ல லினாக் போதும்னு தயங்காம சொல்லியிருப்பேன்.

ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் 7 வாரத்தைத் தாண்டி கரண்ட் தள்ளிப் போகவே கூடாது. பணம் புரட்டுறதுல நாள் ஓடும்னா லினாக்லயே ஆரம்பிக்கிறது மேல்.

டெக்_பிரியா:
சார், கரண்ட் வைக்கும்போது தலை ஆடாம இருக்க ஒரு மாஸ்க் போடுவோம், அதைப் பத்தி பையன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பிளாஸ்டிக் ஷீட்டை வெந்நீர்ல இளக்கி, முகத்து மேல இழுத்துப் பொருத்துவோம். கதகதன்னு இருக்கும், ஓட்டை ஓட்டையா இருக்கிறதால மூச்சு முட்டாது. சில நிமிஷத்துல இறுகிடும். ஆடாம படுத்தா மயக்க மருந்தே தேவைப்படாது. அம்மா குரலை ஸ்பீக்கர்ல கேட்டா நிறைய பிள்ளைங்க அமைதியா படுத்துக்கும்.

பெரம்பூர்_செந்தில்:
ரொம்ப நன்றி மேடம். ஃப்ளாஷ்னு ஒண்ணு யூடியூப்ல பார்த்தேன், ஒரு செகண்ட்ல முடியுமாமே. அதுக்குக் காத்திருக்கலாமா?

மெட்பிசிக்ஸ்_மீரா:
வேண்டவே வேண்டாம். வழக்கமா நிமிஷத்துக்கு சில கிரே (கதிரோட அளவு) குடுக்கிறோம், ஃப்ளாஷ்ல நொடிக்கே 40 கிரேக்கு மேல. 2014-ல எலிகள்ல பார்த்தப்போ கட்டி அழிஞ்சது, நல்ல நுரையீரல் தப்பிச்சது. எனக்கு அதுமேல பெரிய நம்பிக்கை உண்டு. ஆனா மனுஷங்கள்ல இன்னும் ஆரம்பக்கட்ட சோதனைதான். நாளைக்கே தரமணியில பேசி, பிளான் போட எடுக்கிற சிடி ஸ்கேன் என்னைக்கு, முதல் கரண்ட் என்னைக்குன்னு ரெண்டு தேதியையும் கேட்டு வாங்குங்க.