தீத்தடுப்பு வேலை முன்னாள் ராணுவத்தாருக்கு மட்டுமா? பெஸ்தாரி ஜெயா ஆளுங்க பதில் சொல்லுங்க

பழைய_மண்டோர்

மண்டபத்துல நடந்த கூட்டத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து எனக்கு மனசே ஆறல. வராதவங்களுக்குச் சொல்றேன். நம்ம பெஸ்தாரி ஜெயாவைச் சுத்தி இருக்கிற கம்புட் நிலத்துக்கு, அதாவது மட்கின செடிகொடியால ஆன கரி மண்ணுக்கு, தீத்தடுப்புக் குழு ஒண்ணு அமைக்கணும்னு பேச்சு. மாசச் சம்பளம் கேட்டு மனு போடப் போறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, குழுவுல முன்னாள் ராணுவத்தார் மட்டும் இருந்தா போதும்னு பேசினார். காரணம் என்ன தெரியுமா? "தோட்டத்து ஆளுங்களுக்கு நெருப்பு வைக்கத்தான் தெரியும்."

1917-ல தென்னமரம் தோட்டத்துல முதன்முதலா செம்பனையைத் தோட்டப் பயிரா நட்டாங்களே, அந்தக் காலத்துல இருந்து இந்த மண்ணுல நிக்கிறவங்க நாங்க. பழைய மரத்தைச் சாய்ச்சு, துண்டு துண்டா சீவி, அப்படியே மட்க விட்டு மறுநடவு பண்றோம். நெருப்பே கிடையாது. 1999-ல ஆசியான் நாடுகள் எல்லாம் சேர்ந்து எரிக்காம நடணும்னு முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடியே நம்ம மலேசியாவுல பெரிய தோட்டங்கள்ல இது வந்தாச்சு.

கம்புட் நெருப்பு மேல எரியிற நெருப்பு இல்ல. அடியில புகைஞ்சுகிட்டே நகரும். இங்க அணைச்சா அங்க கிளம்பும். அதைத் தடுக்கிறது துப்பாக்கி இல்ல, தண்ணி. பாரிட்டுல, அதாவது தோட்டத்து வாய்க்கால்ல, தண்ணி தரையில இருந்து 70 சென்டிமீட்டருக்குக் கீழ இறங்கக் கூடாது. இந்தக் கணக்கை எந்தக் கேம்ப்ல சொல்லிக் கொடுத்தாங்க?

முன்னாள்_ரெஞ்சர்

யாரோ ஒருத்தர்னு மறைச்சுப் பேச வேணாம் அண்ணே. மைக்கைப் பிடிச்சது நான்தான். ராணுவத்துல ரெஞ்சர் ரெஜிமெண்ட்ல இருந்தவன், லெபனானுக்கும் போயிட்டு வந்தவன். நான் சொன்னது "சில ஆளுங்க"ன்னு. அந்த "சில" உங்க காதுல விழல.

அமெரிக்காவுல டீம் ரூபிகோன்னு ஒரு அமைப்பு. 2010-ல ஹைத்தி நிலநடுக்கத்தப்போ ரெண்டு முன்னாள் மரீன்கள் ஆரம்பிச்சது. இப்போ முன்னாள் படையினர் செயின்சா எடுத்து வீடுகளைச் சுத்தி இருக்கிற புதரை வெட்டுறாங்க, காட்டுத்தீ வர்றதுக்கு முன்னாடியே. அந்த நாட்டுல காட்டுத்தீ முன்வரிசை வேலைக்குப் போகணும்னா 45 பவுண்டு சுமையைத் தூக்கிட்டு 3 மைலை 45 நிமிஷத்துல நடந்து காட்டணும். அதெல்லாம் எங்களுக்குப் பழகின வேலை. ராத்திரி ரோந்து, வரைபடம், ரேடியோ, சொன்ன நேரத்துக்கு வர்ற ஒழுக்கம், எல்லாம் எங்ககிட்ட இருக்கு.

அப்புறம், 70 இல்ல. 60. நல்லா படிச்சுட்டுத்தான் பேசினேன். 40-ல இருந்து 60 சென்டிமீட்டர். உங்க கணக்குப்படி விட்டா நிலம் காஞ்சு ஊரே எரியும்.

பழைய_மண்டோர்

60-ஆ? எந்தப் பேப்பர்ல படிச்சீங்க? நான் மண்டோரா, அதாவது தோட்ட மேஸ்திரியா, பாரிட்டுல கம்பை நட்டு அளந்தவன். கம்புல குறி போட்டு, தினம் காலையில பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சதும் போய்ப் பார்த்து, வாட்டர் கேட்டை (மதகை) ஏத்தி இறக்கினவன். 50-க்கும் 70-க்கும் நடுவுல நிக்கணும். 70.

45 பவுண்டுன்னா 20 கிலோ. முத்தின மரத்துச் செம்பனைக் குலை ஒண்ணே அந்த எடை இருக்கும். அதை நாள் முழுக்க வண்டியில ஏத்துற பையனுக்கு யாரு சான்றிதழ் கொடுத்தாங்க?

டாமான்_பையன்

ஒரு சந்தேகம். முதல்ல யாரை முன்னாள் ராணுவத்தார்னு சொல்றோம்? 2012 வெட்டரன் சட்டத்துல அதுக்கு விளக்கமே இருக்கு. அதேபோல தீத்தடுப்புன்னா எது? ரோந்து போறதா, பாரிட்டை அடைக்கிறதா, குப்பை எரிக்கிறவங்களைப் பிடிச்சுக் கொடுக்கிறதா? இதைப் பேசி முடிச்சா மத்தது சுலபம்.

கிள்ளான்_வாசி

நான் கிள்ளான்ல ஜோஹான் செத்தியா பக்கம். வறட்சி மாசம் வந்தா போதும், எங்க ஊர் பேர் செய்தியில வந்துடும். பொம்பா (தீயணைப்பு) வண்டி வரும், ஹோஸ் பிடிப்பாங்க, மேல நனையும், அடியில எரிஞ்சுகிட்டே இருக்கும். பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் மூடுவாங்க. அதனால ரெஞ்சர் அங்கிள் சொல்றது சரி. ஆள் வேணும், ஒழுங்கா சுத்தி வர்ற ஆள் வேணும். மண்டோர் ஐயா சும்மா பழங்கதை பேசுறார்.

பழைய_மண்டோர்

கிள்ளான்ல இருந்து வந்து எங்க ஊருக்கு யோசனை சொல்ல வேணாம். 2005 ஆகஸ்ட்ல நம்ம கோலசிலாங்கூர் மாவட்டத்துல அவசர நிலை போட்டப்போ, காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டினப்போ, நாங்க இங்கதான் முகத்துல துணியைக் கட்டிட்டு நின்னோம்.

கிள்ளான்_வாசி

போர்ட் கிள்ளான்லயும் அதே நாள்தான் அவசர நிலை போட்டாங்க. உங்களுக்கு மட்டும் நடந்த மாதிரி பேசாதீங்க. அந்தப் புகையில பெரும் பகுதி சுமத்ராவுல இருந்து வந்தது. உங்க 70 சென்டிமீட்டர் அதை நிறுத்தியிருக்குமா?

செம்பனை_மீனா

நான் மருந்தடிக்கிற வேலை பார்த்தவ. ரெண்டு பேருமே வாயைத் திறந்தா ஆம்பளைங்க கதைதான். எரிஞ்சு முடிஞ்ச கம்புட்ல நடந்து பார்த்திருக்கீங்களா? மேல சாம்பல் ஆறின மாதிரி இருக்கும், கால் வச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகும், உள்ள தணலா இருக்கும். வேர் வெந்த மரம் காத்தே இல்லாம சாயும். எங்க கூட வேலை பார்த்த பொம்பளைக்குக் கால் வெந்தது. எந்த இடத்துல புகை எப்படிக் கிளம்புதுன்னு முதல்ல பார்க்கிறது நாங்க, ஏன்னா விடியறதுக்கு முன்னாடி காட்டுக்குள்ள போறது நாங்க. அந்தக் குழுவுல பொம்பளைங்களுக்கு இடம் உண்டா? கூட்டத்துல இதைக் கேட்டேன், யாரும் பதில் சொல்லல. இங்கயாவது சொல்லுங்க.

முன்னாள்_ரெஞ்சர்

மீனா அக்கா சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா அது வேற விஷயம். மண்டோர் அண்ணன் என்னை ஊர் முன்னாடி பொய்யன்னு சொல்றார், அதுக்குத்தான் முதல்ல பதில். 60.

இன்னொண்ணு. நான் 21 வருஷம் முடிக்காம வெளிய வந்தவன். 21 வருஷம் முடிக்காத சிப்பாய்க்குப் பென்ஷன் கிடையாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? "உங்களுக்கென்ன, அரசாங்கக் காசு வருது"ன்னு கோயில்ல கூட சொல்றாங்க. எனக்கு வர்றது காவலாளி வேலைச் சம்பளம். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில உட்கார்ந்து கேட்டைப் பார்க்கிறேன். நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கினவனுக்குச் சொந்த ஊர்ல ஒரு உருப்படியான வேலை கேட்டா அது பேராசையா? நானும் லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, பொறந்தவன்தான்.

பழைய_மண்டோர்

யாரும் பேராசைன்னு சொல்லல தம்பி. லயத்துல பொறந்தவன் லயத்து ஆளுங்களை மைக்ல கேவலப்படுத்தினதுதான் எனக்கு வலிக்குது. தோட்டத்தை வித்தப்போ எங்களுக்கும் ஒண்ணும் கொடுக்கல. வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. எங்களுக்கும்தான் பென்ஷன் இல்ல.

அதுக்காகக் கணக்கை மாத்திச் சொல்லலாமா? 70.

டாமான்_பையன்

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் தர்ற ஆர்எஸ்பிஓ வழிகாட்டியில ரெண்டு அளவும் இருக்கு. நிலத்துக்குள்ள குழாய் இறக்கி நிலத்தடி நீரை அளந்தா 40-ல இருந்து 60. பாரிட்டுல அளந்தா 50-ல இருந்து 70. ரெண்டும் தரை மட்டத்துல இருந்து கீழ. அளக்கிற இடம் வேற, அதனால எண் வேற. ரெஞ்சர் அங்கிள் படிச்சது முதல் கணக்கு, மண்டோர் ஐயா செஞ்சது ரெண்டாவது.

அதுவும் மரம் நட்டு வச்சிருக்கிற நிலத்துக்கான அளவு. பக்கத்துல இருக்கிற ராஜா மூசா கம்புட் காட்டுக்கு அது போதாது, அங்க தண்ணி இன்னும் மேல நிக்கணும். முன்னாடி மரம் வெட்டி எடுக்கத் தோண்டின வாய்க்கால்தான் அங்க தண்ணியை எல்லாம் வடிச்சு விட்டுச்சு. அதை அடைச்சு, மஹாங் மரக் கன்று நட்டு, ஊர் மக்களும் சேர்ந்துதான் அந்தக் காட்டை மீட்கிறாங்க.

முன்னாள்_ரெஞ்சர்

பார்த்தீங்களா, 60-னு வழிகாட்டியிலயே இருக்கு.

பழைய_மண்டோர்

பாரிட்டுல 70-னு அதே வழிகாட்டியில இருக்கு. கண்ணாடி போட்டுப் படிங்க. ஊர்ல இருக்கிறது பாரிட்டா, குழாயா? நம்ம ஆளுங்க யாரு குழாய் இறக்கினாங்க?

கிள்ளான்_வாசி

10 சென்டிமீட்டருக்கு இவ்வளவு சண்டையா? வறட்சி வந்தா ரெண்டுமே போயிடும். 90, 100-க்குக் கீழ இறங்கிடும். அப்போ யாரு பம்ப் கொண்டு வர்றது? குழாய்க் கிணறு எங்க இருக்குன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?

பழைய_மண்டோர்

எனக்குத் தெரியும். பேசுறதுக்கு முன்னாடி ஊருக்கு வந்து பார்த்துட்டுப் பேசு.

இப்போ எல்லாரும் கேளுங்க, நான் கேட்கிறது ஒண்ணுதான். கம்புட்ல தீத்தடுப்புன்னா நூத்துல எழுபது எண்பது பங்கு தண்ணி வேலை. எந்த வாட்டர் கேட்டை எப்போ மூடணும், மேல் தோட்டத்துக்காரன் தன் மரம் முங்குதுன்னு திறந்து விட்டா கீழ இருக்கிற நிலம் எத்தனை நாள்ல காயும், லாலாங் புல்லு எந்த மாசம் மஞ்சளாகும், இதெல்லாம் கால்ல நடந்து தெரிஞ்சுக்கிறது. அமெரிக்காவுல பைன் மரக் காடு. அங்க நெருப்பு உச்சியில தாவும். பாரடைஸ்னு ஒரு ஊரே 2018-ல எரிஞ்சு 85 பேர் செத்தாங்க. அங்க புதர் வெட்டினா பலன் உண்டு, ஒத்துக்கிறேன். இங்க பாராங் கத்தி எடுத்து நீங்க மேல எவ்வளவு வெட்டினாலும் நெருப்பு உங்க காலுக்குக் கீழயே போகும். அந்த ஊர் வேலையை அப்படியே தூக்கிட்டு வந்து இங்க வச்சா யாருக்கு நஷ்டம்? நம்ம பிள்ளைங்க நெஞ்சுக்கு.

முன்னாள்_ரெஞ்சர்

வாட்டர் கேட்டைத் திறந்து விடுறது யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க. தோட்டத்து ஆள். அதைத் தட்டிக் கேட்க உங்களால முடியுமா? அந்தத் தோட்டத்துல உங்க மருமகன் வேலை பார்க்கிறார். எனக்கு யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டிய அவசியம் இல்ல. அதுக்குத்தான் வெளி ஆள் வேணும்னு சொல்றேன்.

பழைய_மண்டோர்

குடும்பத்தை இழுக்காதீங்க. மருமகன் வேலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? திருவிழாக் கணக்கு கேட்டப்போ நீங்க எங்க ஓடினீங்கன்னு நானும் எழுதட்டுமா?

முன்னாள்_ரெஞ்சர்

எழுதுங்க. ரசீது எல்லாம் என்கிட்ட இருக்கு. தண்ணீர்ப் பந்தல் செலவை யாரு இரட்டையா போட்டாங்கன்னு அதுலயே தெரியும்.

செம்பனை_மீனா

கோயில் கணக்கைக் கோயில்ல பேசுங்க. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. சம்பளம் எவ்வளவு? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாவது (ரிங்கிட்) கிடைக்குமா, இல்ல கூட்டித் துடைக்கிற வேலை மாதிரி நாள் கூலியா? காப்புறுதி உண்டா? புகையில நிக்கிறவங்களுக்கு முகமூடி, பூட்ஸ் யார் தருவாங்க? நாலு ராணுவத்தார், நாலு தோட்டத்து ஆளுங்கன்னு போட்டா ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கலாம்னு கூட்டத்துலயே சொன்னேன். மனுவுல அதை எழுதினாங்களா?

டாமான்_பையன்

மனுவோட படம் என்கிட்ட இருக்கு அக்கா. சம்பளம்ங்கிற இடம் காலியா இருக்கு. "முன்னாள் ராணுவத்தினர்"னு மட்டும் எழுதியிருக்கு. வாட்டர் கேட் பத்தி ஒரு வரி கூட இல்ல. வெள்ளிக்கிழமை அனுப்பிடுவாங்களாம்.

பழைய_மண்டோர்

அப்போ அந்த மனுவுல என் கையெழுத்து இருக்காது. ஊர்ல எத்தனை பேர்கிட்ட சொல்லணுமோ சொல்றேன். தண்ணி மட்டம் 70-னு எழுதி, அளந்த ஆளுங்களைச் சேர்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

முன்னாள்_ரெஞ்சர்

உங்க கையெழுத்து இல்லாமலே போகும். 60-னு எழுதித்தான் போகும்.

செம்பனை_மீனா

தம்பி, அந்த மனுவோட படத்தை எனக்கு அனுப்பி வை. நாங்க பொம்பளைங்க தனியா ஒண்ணு எழுதுறோம்.

பழைய_மண்டோர்

எழுதும்மா. பாரிட்டுல 70-னு மறக்காம போடு.