பி.காம். முடித்த பெண்ணுக்கு டேலியா, டைப்ரைட்டிங்கா?

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகள் பி.காம். முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் வீட்டில் இருக்கிறாள். பேலன்ஸ் ஷீட் கணக்கைத் தாளில் கொடுத்தால் கச்சிதமாகப் போட்டுவிடுவாள், ஆனால் ஒரு கடை பில்லை நீட்டி இதைக் கணக்கில் ஏற்று என்றால், 18 சதவீத ஜிஎஸ்டியை மாநிலத்துக்குள் வாங்கிய சரக்குக்கு மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று பிரிக்க வேண்டும், வெளிமாநிலச் சரக்கென்றால் ஐஜிஎஸ்டி என்று மொத்தமாகப் போட வேண்டும் என்பது தெரியாமல் முழிக்கிறாள். வங்கியில் செலான் நிரப்பக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறாள், அது தனிக்கதை.

டைப்ரைட்டிங் ஜூனியர், சீனியர், அப்புறம் சிஓஏ என்ற கணினிச் சான்றிதழ் படிப்பு முடித்தால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் டைப்பிஸ்ட் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்பது அக்காவின் கணக்கு. எனக்கென்னவோ டேலி என்ற கணக்கு மென்பொருளும் எக்ஸலும் பழகி, ஏதாவது ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச காலம் உட்கார்ந்தாலே வேலை கைக்குப் பழகிவிடும் என்று படுகிறது. காலையில் தட்டச்சு, மதியம் டேலி என்று இரண்டையும் சேர்த்தே படித்தவர்கள் இருக்கிறீர்களா, தாங்குமா?

நெல்லைப் பக்கம் நிஜ பில்களை வைத்துச் சொல்லித்தரும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். ஷார்ட்கட் கீயை மட்டும் மனப்பாடம் செய்யவைத்துச் சர்டிபிகேட் நீட்டும் இடம் வேண்டாம். ஆடிட்டர் ஆபீஸில் பழக வாய்ப்பிருந்தால், ஆரம்பத்தில் சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.