32 பக்கப் படக்கதை அச்சுக்குப் போகுமுன் மூன்று சந்தேகங்கள்

வணக்கம் நண்பர்களே. குழந்தைகள் படக்கதை ஒன்று அச்சுக்குத் தயாராகிறது. 8.5 அங்குலச் சதுரம், சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் படப் பகுதி), நடுவில் பின் அடிக்கும் கட்டு, 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) பூச்சில்லாத தாள். படங்கள் வாட்டர்கலர், அசல் அளவிலேயே 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன்.

முதலில் நிறம். சிஎம்ஒய்கே-க்கு (அச்சின் நான்கு மைகள்: சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) மாற்றினால் இளம்பச்சையும் ஊதாவும் செத்துப்போகின்றன. போதாக்குறைக்கு இந்தத் தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் பரவி, இருட்டுப் பகுதிகள் இன்னும் அடைத்துக்கொள்ளும். நடுத்தொனியை கர்வ்ஸில் (படத்தின் ஒளி-இருளைத் திருத்தும் கருவி) எவ்வளவு தூக்குகிறீர்கள்? அதை அச்சகத்தாரின் நிறப் புரொஃபைலே (அவர்களின் தாளுக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப நிறத்தை மாற்றும் கோப்பு) பார்த்துக்கொள்ளும் என்று விடலாமா?

அடுத்தது மடிப்பு. 32 பக்கம் என்றால் 8 தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று. உள்தாள்கள் வெளியே தள்ளி நிற்கும். வெட்டியபின் நடுப்பக்கங்கள் ஏறத்தாழ 1 மி.மீ. குறுகும். ஓரத்தில் மெல்லிய சட்டம் வரைந்தால் இது அப்பட்டமாகத் தெரியும், அதனால் சட்டமே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இரு பக்கம் விரியும் படங்களில் முகம் மடிப்பில் விழாமல் எத்தனை மி.மீ. தள்ளி வைப்பது வழக்கம்? (16-17ஆம் பக்கங்கள் மட்டும் ஒரே தாள், அங்கே கவலையில்லை.)

எழுத்து முழுவதும் தனி லேயரில், கருப்பு 100 சதவீதம், ஓவர்பிரிண்ட் (கீழுள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாவது). வேறு மொழிப் பதிப்புக்குக் கருப்பு மைக்கான அச்சுத்தகடு ஒன்றை மாற்றினால் போதும். ஆனால் கரும்நீல இரவு வானத்தின் மேல் வெள்ளை எழுத்து வரும் ஒரு பக்கம் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது: வானத்தின் எல்லா நிறத் தகடுகளிலும் எழுத்தின் இடத்தை வெறுமையாக விடவேண்டும். அங்கே வெளிர்நிற மேகம் வரைந்து கருப்பெழுத்தையே வைப்பீர்களா, வேறு வழி உண்டா?

பூச்சில்லாத தாளில் அச்சிட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.