ஆறுமணிக்குருவிக்கு ஸ்பீக்கர் போடலாமா?

பனங்காடை:
ஞாயிறு காலை புதுச்சேரி ஊசுட்டேரிப் பக்கம் ஆறுமணிக்குருவி (இந்தியன் பிட்டா) பார்க்கப் போனோம். கூட வந்தவர் ஒருவர் புளூடூத் ஸ்பீக்கரில் அதன் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டார். புதரை விட்டு வந்தது, எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்கென்னவோ சரியாகப் படவில்லை.

லென்ஸ்_லாஸ்பேட்டை:
இதில் என்ன தப்பு? இங்கே கூடு கட்டுகிற பறவையே இல்லை அது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. குஞ்சு பட்டினி கிடக்குமே என்ற கவலை இல்லை. ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கெடிலக்கரை:
தம்பி, போன அக்டோபரில் காக்கை துரத்தி ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்து விழுந்தது. சமையலறை அலமாரிக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது, கண் திறக்கத் தெம்பில்லை. அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து சாயங்காலம் தோப்பில் விட்டோம். அந்தக் கோலத்தில் வந்து சேர்கிற பறவை, சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கினால்தான் உடம்பு தேறும். எதிராளி வந்துவிட்டான் என்று பதறித்தான் உங்கள் ஸ்பீக்கருக்கு ஓடி வருகிறது. வெட்டவெளிக்கு வந்தால் மேலே வல்லூறு உட்கார்ந்திருக்கும்.

லென்ஸ்_லாஸ்பேட்டை:
அண்ணா, தாய்லாந்தில் கர்னி பிட்டா என்று இதன் உறவுக்காரப் பறவை உண்டு. 1986-இல் மறுபடி கண்ணில் பட்டபோது பறவைக்காரர்கள் கொண்டாடினார்கள். இன்று அங்கே ஏறக்குறைய இல்லை. ஸ்பீக்கரா அழித்தது? சமவெளிக் காட்டை வெட்டி ரப்பரும் எண்ணெய்ப்பனையும் வைத்தார்கள். இங்கேயும் புதரை ஜேசிபி வைத்து வழித்து மனை போடுகிறவனை விட்டுவிட்டுக் கேமராக்காரனைப் பிடிக்கிறோம்.

மரக்காணம்_மீனா:
அவன் செய்வது பெரிய தப்பு என்றால் நமக்கு லைசென்ஸ் கிடைத்துவிடுமா? அப்புறம், ஊசுட்டேரி 2008 முதல் சரணாலயம். உள்ளே காட்டுயிரைச் சீண்டக் கூடாது என்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. இடம் வாட்ஸப்பில் பரவினால் அடுத்த வாரமே ஆளுக்கொரு ஸ்பீக்கரோடு வந்து நிற்பார்கள்.

லென்ஸ்_லாஸ்பேட்டை:
ஆந்தைக் கணக்கெடுப்பில் இதையேதானே செய்கிறார்கள்? ஆராய்ச்சி என்றால் மட்டும் பறவைக்குக் கோபம் வராதா?

கெடிலக்கரை:
அவர்கள் அனுமதி வாங்கி, இத்தனை நிமிஷம் என்று வரையறுத்துப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் கண்ணோரக் கறுப்புப் பட்டை ஷார்ப்பாக விழும்வரை நகர்வதில்லை. விடிவதற்கு முன்பே போய் அசையாமல் உட்காருங்கள். அதுவே இரட்டை விசில் அடிக்கும். சருகுச் சத்தம் வருகிற பக்கம் தரையோடு தரையாகப் பாருங்கள்: நாலு தத்து தத்தும், நிற்கும், குட்டை வாலை மெல்ல ஆட்டும், ஒரு இலையை அலகால் தள்ளும். திரும்பும்போது அடிவயிற்றுச் சிவப்பு பளிச்சென்று தெரியும்.

லென்ஸ்_லாஸ்பேட்டை:
அந்த இருட்டில் கேமராவின் ஒளியுணர்திறனை ஏற்றி ஐஎஸ்ஓ 6400 வைத்தாலும் படம் தேறாது அண்ணா.

மரக்காணம்_மீனா:
பைனாகுலருக்கு ஐஎஸ்ஓ கிடையாது.

பனங்காடை:
சரி, ஸ்பீக்கர்காரரிடம் இதை யார் சொல்வது? அடுத்த ஞாயிறும் அவர் கார்தான்.