அட்டைப் புரூஃபுக்கும் ஓவியப் பிரதிக்கும் ஒரே பிரிண்டர் போதுமா?

மைக்கூடு:
புத்தக அட்டை வடிவமைப்பு என் பிழைப்பு (அச்சுக்குப் போகும் முன் பதிப்பாளருக்கு மாதிரி அச்சு, அதாவது புரூஃப், காட்ட வேண்டும்), வாட்டர்கலர் என் ஆசை. கொஞ்ச நாளாக ஓவியங்களின் பிரதி வேண்டும் என்று காசு கொடுத்தே கேட்கிறார்கள். அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிரிண்டர் வாங்க நினைக்கிறேன். கையில் 60,000 இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் இன்னும் கொஞ்சம். ஏ3 கட்டாயம் வேண்டும். டெம்மி அளவுப் புத்தகத்தின் அட்டை உயரமே 8.5 அங்குலம், ஏ4 தாளின் அகலமோ 8.27தான். முதுகும் பின்னட்டையும் சேர்த்து விரித்தால் கேட்கவே வேண்டாம். எப்சன் எல்18050 மேல் ஒரு கண். ஜனவரி புத்தகக் காட்சி வேலைகள் குவிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். வாங்கலாமா?

டேங்க்ராஜா:
யோசிக்காம வாங்குங்க. ஆறு மை, ஏ3+ (ஏ3யை விடக் கொஞ்சம் பெரிசு) வரைக்கும் போகும், மை 70 மில்லி பாட்டில்ல வருது. வாட்டர்கலர்ல நிறம் கரைஞ்சு கரைஞ்சு தாளோட வெள்ளையில போய் முடியும் பாருங்க, நாலு மை பிரிண்டர்ல அந்த இடத்துலதான் புள்ளி புள்ளியா தெரியும். இதுல இளம் சியான், இளம் மெஜந்தா தனியா இருக்கறதால வழுவழுன்னு வரும். நான் இதே வகையில பழைய மாடல் வெச்சு அஞ்சு வருஷமா கல்யாண ஆல்பம் ஓட்டறேன்.

வெள்ளைத்தாள்:
கல்யாண ஆல்பம் பீரோவுக்குள் கிடக்கும். ஓவியம் சுவரில் தொங்கும். ராஜா இதைச் சொல்லாமல் தாண்டிவிட்டார்.

அந்த ஆறும் டை மை. சாயம் நீரில் கரைந்து தாளுக்குள் ஊறிப்போகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதைச் சீக்கிரம் அரிக்கும். பிக்மெண்ட் மை நுண்துகள், மேற்பரப்பிலேயே உட்காரும், நிறமும் நிற்கும். பருத்தித் தாளில் பிரதி எடுத்து விற்பவர்கள் பிக்மெண்டைத் தேடிப் போவது இதற்குத்தான். எப்சன் பி700 பிரிண்டரில் பத்து பிக்மெண்ட் மை, கேனன் புரோ-300இல் ஒன்பதும் கூடவே நிறமில்லாத பூச்சு ஒன்றும். புதிதாகக் கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு, சில வருஷத்தில் நிறம் மங்கும் படத்தைக் கொடுப்பது நியாயமா?

டேங்க்ராஜா:
நியாயம் பேசறவர் கணக்கும் பேசணும். பி700 கார்ட்ரிட்ஜ் 25 மில்லி. புரோ-300ல 14.4 மில்லிதான், என் வீட்டு இருமல் மருந்து பாட்டிலே அதைவிடப் பெரிசு. அது மாதிரி பத்து! மெஷினே அவர் பட்ஜெட்டைத் தாண்டும், அப்புறம் ஒரு செட் மை மாத்தறதுக்குள்ள நகையைத் தேடணும். செகண்ட் ஹேண்ட் பிக்மெண்ட் மெஷினா? எத்தனை மாசம் சும்மா கிடந்துச்சோ, மை தெளிக்கிற ஹெட் அடைச்சிருந்தா போச்சு. நான் ஒண்ணு வாங்கி, எடுத்த பிரிண்ட்டை விட ஹெட் கிளீனிங் ஓட்டினதுதான் அதிகம். மை பூரா கழிவு டப்பாவுக்குப் போச்சு.

சிவகாசிக்காரன்:
ரெண்டு பேரும் ஓவியத்தையே பிடிச்சுத் தொங்குறீக. தம்பி முதல்ல கேட்டது அட்டைப் புரூஃப். ஆஃப்செட்ல (தகடு வச்சு மொத்தமா அடிக்கிற அச்சு மெஷின்) முப்பது வருசம் நின்னவன் சொல்லுதேன்.

புரூஃப்னா அழகா இருக்கக்கூடாது, மெஷின்ல வரப்போற மாதிரி இருக்கணும். ஃபோட்டோ தாள்ல நீங்க பேசுற இந்த மை தெளிக்கிற இங்க்ஜெட் போடுற ஆரஞ்சும் பச்சையும் நாலு கலர் ஆஃப்செட்ல வராது. பதிப்பாளர் அந்தப் பிரிண்ட்டைப் பாத்து ஓகே சொல்லிட்டு, அச்சடிச்சு வந்ததும் "ஏன் மங்கலா இருக்கு"ன்னு நம்ம சட்டையைப் பிடிப்பாரு. ஆடி 18க்கு காலண்டர் ஆல்பம் போடுற ஊருக்காரன் நான், இந்தச் சண்டையை எத்தனை பாத்திருப்பேன்!

அச்சாபீசும் வாடிக்கையாளரும் கையெழுத்து போடுற புரூஃபுக்கு ஐஎஸ்ஓ 12647-7ன்னு ஒரு தரம் இருக்கு. ஓரத்துல நிறம் சரிபாக்க 72 கட்டம் உள்ள ஃபோக்ரா பட்டை அச்சாகி வரணும், அதை நிறம் அளக்குற ஸ்பெக்ட்ரோ கருவி வச்சு அளக்கணும். பிரிண்டரோட சாதாரண டிரைவர் ஆர்ஜிபிதான் (திரையோட சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு) வாங்கும், சிஎம்ஒய்கேயை (ஆஃப்செட்டோட நாலு மைக் கணக்கு) அச்சு அசலா அப்படியே காட்ட தனி ரிப் மென்பொருள் வேணும். பிரிண்டரை வாங்கின காசுக்கு மேல இதுக்கு ஆகும்.

இன்னொண்ணு. அட்டை ஓடப்போறது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஆர்ட் போர்டுல, மேல மேட் லேமினேஷன். இங்க்ஜெட் மை அந்த போர்டுல காயவே காயாது, விரல் வச்சா ஈஷிக்கிடும். டிஜிட்டல் பிரஸ்ல மைக்குப் பதிலா டோனர் பொடிங்கிறதால அதே போர்டுல அடிச்சு அதே லேமினேஷனும் போட்டுத் தருவான். நாலு அட்டை எடுத்தா டீச்செலவுதான் ஆகும். பிரிண்டர் எதுக்கு?

மைக்கூடு:
அண்ணாச்சி, டிஜிட்டல் பிரிண்டை நானும் நம்பித்தான் இருந்தேன். ஆனால் காலையில் எடுத்ததும் சாயங்காலம் எடுத்ததும் ஒன்றாக இல்லை. இருட்டு நீலப் பின்னணியில் வரி வரியாக விழுந்தது. கேட்டால் "மெஷின் சூடு சார்" என்றார்கள். (கடைப் பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்கள்.)

சிவகாசிக்காரன்:
அது உண்மைதான், டோனர் மெஷின் பொழுதுக்கு ஒரு மாதிரிதான் நிக்கும். அதனாலதான் அதை நிறத்துக்குப் பாக்காதீகன்னு சொல்லுதேன். முதுகு எங்க மடியுது, எழுத்து எவ்வளவு பெரிசு, லேமினேஷன் போட்டதும் கறுப்பு எப்படி அமுங்குது, இதுக்குப் பாருங்க. நிறம் நெசமாவே முக்கியம்னா ஆஃப்செட் மெஷின் பக்கத்துல போய் நின்னுதான் ஆகணும்.

வெள்ளைத்தாள்:
அண்ணாச்சி சொன்னதில் பாதியை மறுக்கிறேன். ரிப் இல்லாமலும் ஓரளவு ஒழுங்கான புரூஃப் எடுக்கலாம். பளபளப்பு குறைந்த தாள் ஒன்றைத் தேர்ந்து அதற்கு ஐசிசி புரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) போட்டுக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஃபோக்ரா39 (ஆஃப்செட் நிறத்துக்கான புரொஃபைல்) வைத்து ஆஃப்செட் தோற்றம் போலவே வரச் சொல்லி அச்சிடுங்கள். கையெழுத்துப் போட அது ஆகாது. எந்த ஆரஞ்சு செத்துப்போகும் என்று பதிப்பாளருக்கு முன்கூட்டியே காட்டப் போதும்.

ஒரு இடத்தில் எல்லாரும் வழுக்குவார்கள். நிறத்தை ஃபோட்டோஷாப் கையாளும்போது டிரைவரில் இருக்கும் நிறத் திருத்தத்தை அணைக்க வேண்டும். இரண்டும் ஓடினால் முகமெல்லாம் ரோஸ் அடித்துவிடும், பழி பிரிண்டர் மேல்.

டேங்க்ராஜா:
ஆக மெஷின் எதுவானாலும் புரொஃபைல்தான் வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப எல்18050க்கு என்ன குறை?

வெள்ளைத்தாள்:
புரூஃபுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரத்தில் குப்பைக்குப் போகும் தாளுக்கு ஆயுசு எதற்கு? நான் ஓவியத்துக்குத்தான் வேண்டாம் என்கிறேன், முதலிலிருந்தே.

கத்தரிவெயில்:
ஓரமாக உட்கார்ந்து படித்ததில் எனக்குப் புரிந்தது: புரூஃபுக்கு நிறத்தை அடக்கணும், ஓவியத்துக்கு நிறத்தை விரிக்கணும். ஒரே மாட்டை வண்டியிலும் பூட்டி ரேஸிலும் விடப் பார்க்கிறார் மைக்கூடு. மாதம் எத்தனை ஓவியம் விற்கிறீர்கள்? பத்துக்குக் கீழே என்றால் பிக்மெண்டில் பிரதி எடுத்துத் தரும் ஸ்டூடியோவில் கொடுத்துவிடுங்கள்.

மைக்கூடு:
மாதம் நாலு, தீபாவளி சமயத்தில் பத்து.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எல்18050 வாங்குகிறேன், அட்டைக்காக. நிறம் அதில், போர்டும் லேமினேஷனும் டிஜிட்டல் கடையில். கையெழுத்துப் போட்டு விற்கும் ஓவியப் பிரதிகள் பருத்தித் தாளில் வெளியே பிக்மெண்டில். அஞ்சலட்டை, சின்னப் படங்கள் மட்டும் வீட்டு மெஷினில். அவற்றின் பின்னாலேயே "டை மை, வெயில் படாமல் வைக்கவும்" என்று அச்சடித்துவிடுவேன். ஹெட் அடைக்காமல் இருக்க வாரம் ஒருமுறை எல்லா நிறமும் ஓட ஒரு பக்கம் எடுக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன். பிரிண்டர் வந்ததும் ஒரு படத்தை இரண்டாக வெட்டி, பாதியை இழுப்பறையிலும் பாதியை ஜன்னலிலும் வைக்கப் போகிறேன். சித்திரை முடிந்ததும் இங்கேயே படம் போடுகிறேன்.

டேங்க்ராஜா:
பின்னாடி "வெயில் படாமல்"னு போட்டா வாங்கறவன் பயந்துடுவான் சார். கண்ணாடி ஃபிரேம் போடச் சொல்லுங்க, போதும்.

வெள்ளைத்தாள்:
போடட்டும், நல்லதுதான். ஜன்னல் மேற்குப் பக்கம்தானே மைக்கூடு? வடக்குப் பக்கம் வைத்துவிட்டு "மங்கவே இல்லை" என்று சித்திரையில் வந்து நிற்கக்கூடாது. ராஜா அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்.