நூறு சதவீதம் காட்டுச்சு, உருவிட்டேன்

மின்மினி:
லினக்ஸ் லேப்டாப். அக்கா குழந்தையோட முதல் வருஷ வீடியோ மொத்தமும் பென் டிரைவுக்குக் காப்பி போட்டேன். கோடு ஓடி முடிஞ்சுது. லேப்டாப்ல இருந்ததை அழிச்சேன், டிரைவை உருவினேன். உருவறப்போ அதோட லைட் மினுக்கிட்டே இருந்துச்சு. பார்த்துக்கிட்டேதான் உருவினேன். அக்கா சொருகிப் பார்த்தா ஃபோல்டர் இருக்கு, பேரெல்லாம் இருக்கு, பாதி ஃபைல் 0 பைட். 'முடிஞ்சுது'ன்னு காட்டினது லேப்டாப்போட ராம் (தற்காலிக நினைவகம்) வரைக்கும் போனதைத்தான்.

பழையபெட்டி:
விண்டோஸ்ல இந்தத் தொல்லை குறைவு. 2018-ல வந்த 1809 பதிப்புலேர்ந்து 'குயிக் ரிமூவல்'தான் டீஃபால்ட், எழுதறதைத் தேக்கி வைக்காது. நான் 'சேஃப்லி ரிமூவ்' தொட்டே வருஷக்கணக்காச்சு. ஒரு தடவை மட்டும் காப்பி ஓடறப்பவே கால் பட்டு கேபிள் கழண்டுச்சு. திரும்பச் சொருகினா 'ஃபார்மட் பண்ணவா?'ன்னு பெட்டி. நானும் சரின்னு அமுக்கிட்டேன்.

டக்டக்:
பழையபெட்டி, அந்த ஒரு தடவைதாங்க எல்லாமே!
என்னோடது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். சுத்திக்கிட்டு இருக்கறப்போ மடியிலேர்ந்து விழுந்துச்சு, அவ்வளவுதான் உயரம். டக்... டக்... டக். மூணாவது தடவை சொருகினப்போ ஃபோல்டர் பட்டியல் வந்துச்சு! திறக்கறதுக்குள்ள மறுபடியும் டக். அதோட விட்டிருக்கணும். இன்னும் ரெண்டு தடவை சொருகினேன். டேட்டா மீட்கறவங்க திறந்து பார்த்தா, உள்ளே டேட்டா பதியற தட்டுல வட்டமா கீறல்.

இரட்டைநகல்:
என் கதை சின்னது. 64 ஜிபின்னு வாங்கின டிரைவ் நிஜத்துல 8. பேர் எல்லாம் தெரியும், 8-க்கு அப்புறம் போட்டது எதுவும் திறக்காது. புதுசு வாங்கினா, அளவு நிஜமான்னு சோதிக்கற மென்பொருள் இருக்கு, விண்டோஸ்னா எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்னா எஃப்3, அதை ஓட்டி முழுசா நிரப்பிப் பாருங்க.
மின்மினி, ராம்ல மிச்சம் இருக்கறதை டிரைவுல எழுத வைக்கற 'சிங்க்' கட்டளை குடுத்து அது முடியற வரைக்கும் காத்திருக்கணும், இல்லன்னா 'எஜெக்ட்'. மூலத்தை அழிக்கறதுக்கு முன்னாடி வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. அதே மெஷின்ல உடனே திறந்தா ராம்ல தேங்கின நகல்லேர்ந்தே காட்டி ஏமாத்தும்.
பழையபெட்டி, ஃபார்மட் கேட்டா வேணாம்னு சொல்லுங்க. விண்டோஸோட டிஸ்க் பழுதுபார்க்கற 'செக்டிஸ்க்'கும் ஓட்டாதீங்க. அது கோப்பு முறையைத்தான் (எந்த ஃபைல் எங்க இருக்குங்கற அடுக்கை) சரிபண்ணும், உங்க ஃபைலைத் துண்டுதுண்டா 'ஃபவுண்ட்.000' ஃபோல்டர்ல கொட்டிட்டுப் போயிடும். டிடிரெஸ்க்யூங்கற மென்பொருள் வெச்சு டிரைவை முழுசா ஒரு பிம்பம் (அச்சு அசல் நகல்) எடுத்து, அதுமேல ஃபைல் மீட்கற ஃபோட்டோரெக் ஓட்டுங்க. கிடைக்கறதை வேற டிரைவுல சேமிங்க, அதே டிரைவுல எழுதினா மிச்சமும் போயிடும். டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில ஃபார்மட் பண்ணியிருந்தா, அதுல ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறிச்சு வைக்கற பதிவேடு) கிடையாது, நடுவுல கழண்டா தாங்காது. விண்டோஸ்ல மட்டும் பயன்படுத்தறவங்க ஜர்னல் இருக்கற என்டிஎஃப்எஸ் முறை போட்டுக்கலாம். டக் சத்தம் வந்தா மென்பொருளே வேணாம், மின்சாரத்தைத் துண்டிங்க. ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லி யாராவது வருவாங்க, உள்ளே ஈரம் கோத்துக்கும், கேட்காதீங்க. அப்புறம் எப்பவும் மூணு நகல், ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற இடத்துல.

டக்டக்:
இரட்டைநகல், உங்க 8 ஜிபி டிரைவைப் பத்தி இன்னும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம் :)
மின்மினி, லேப்டாப்ல அழிச்சதை மீட்கலையா?

மின்மினி:
எஸ்எஸ்டி. அக்கா பத்து நாள் கழிச்சுத்தான் சொருகினாங்க, அதுக்குள்ள டிரிம் (அழிச்ச ஃபைலோட இடத்தைக் காலி பண்ணச் சொல்ற கட்டளை) ஓடிடுச்சு. 'நீ பார்த்துத்தானே எடுத்தே?'ன்னு கேட்டாங்க. லைட் மினுக்கினதை இன்னும் அவங்ககிட்ட சொல்லலை.